மெட்டியின் நரம்பும் என் நரம்பும்

"கொலுசைக் கழட்டிடுங்க மேடம்" என்றார் பிசியோதெரபிஸ்ட். என்னைவிடப் பத்து வயது இளைய பெண். கணுக்காலின் உள்பக்க எலும்புக்கு மேலே மூன்று விரல் வைத்து அளந்து, அங்கே ஒரு பேட் ஒட்டினார். பாதத்தின் உட்புறம் இன்னொன்று. கைக்கு அடக்கமான ஒரு பெட்டியிலிருந்து இரண்டு ஒயர்கள். குமிழைத் திருப்பியதும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டியதும் கால் கட்டைவிரல் தானாக மடங்கியது. "இதான் சரியான இடம். அரைமணி நேரம் இப்படியே இருங்க."

எனக்கு வலி அடிவயிற்றில். கரண்ட் வைத்தது கணுக்காலில்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அத்தை சிரித்துவிட்டார். "வயித்து வலிக்குக் கால்ல கரண்டா? இன்னா வைத்தியம்மா இது?" இதே அத்தைதான், ஒருமுறை விரல் வீங்கி நான் மெட்டியைக் கழற்றி வைத்தபோது பதறியவர். "ரெண்டாவது விரல் நரம்பு நேரா கர்ப்பப்பைக்குப் போவுது. மெட்டி அழுத்தினாதான் அது நல்லா இருக்கும். கழட்டாத" என்றார். அவர் மட்டுமல்ல. வாட்ஸ்அப்பில் வருகிறது, பட்டிமன்றத்தில் பேசுகிறார்கள், எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினரும் 'நம் முன்னோர்களின் அறிவியல்' என்று இதையே சொன்னார். மாணவிகள் கைதட்டினார்கள்.

மெட்டிக்கு ஒரு நரம்பு உண்டு என்பதை ஊரே நம்புகிறது. எனக்கு வலிக்கிறது என்று என் நரம்பு ஒன்பது ஆண்டுகள் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஏன்? கண்ணுக்குத் தெரியாத ஒரு வலியை ஒருத்தி சொல்லும்போது, கேட்பவர் அவளுக்கு எதற்குக் கடமைப்பட்டவர்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

வலி தொடங்கியபோது எனக்கு முப்பது வயது. இரண்டாவது பிரசவம் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. முதலில் மாதவிடாய் நாட்களில் மட்டும் வந்தது. பிறகு அதற்கு முன்பும் பின்பும். மூன்றாம் ஆண்டில் நாள்கணக்கே இல்லாமல் போனது. தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கம், ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போன்ற வலி. உட்கார்ந்தால் கூடும். சிறுநீரை அடக்கினால் கூடும். நான் பள்ளி ஆசிரியை. இரண்டையும் செய்யாமல் ஒரு நாள்கூடப் போகாது. கணவரோடு இருந்த இரவுக்கு மறுநாள் எழுந்து நிற்பதே கஷ்டம். அதற்கு என்ன காரணம் என்று யாரிடம் சொல்வது?

ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் இந்த வகை வலியை நாள்பட்ட அடிவயிற்று வலி என்கிறார்கள். எண்டோமெட்ரியோசிஸ், சிறுநீர்ப்பைக் கோளாறு, குடல் கோளாறு, இடுப்புத் தளத் தசைகளின் இறுக்கம், நரம்பு பாதிப்பு என்று காரணம் ஒன்றாக இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம். சில பெண்களுக்கு எந்தக் காரணமும் ஸ்கேனில் தெரியாது.

எனக்குத் தெரியவில்லை. அதனால் எனக்கு இரண்டு பதில்கள் கிடைத்தன. முதல் சில ஆண்டுகள், "ஸ்கேன் நார்மலா இருக்கு. ஒண்ணுமில்லை." அதன்பிறகு, "ரெண்டு குழந்தை இருக்குல்ல? எடுத்துடலாம்."

கேட்பதற்கு இவை எதிரெதிரான பதில்கள்போல் இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் யாரும் என்னிடம் 'எப்படி வலிக்கிறது?' என்று கேட்கவில்லை. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எதை எடுப்பது என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அறுவைக்குத் தேதி குறித்துவிட்டு வந்தேன்.

தேரடித் தெருவில் எனக்கு வாடிக்கையாகப் பூ கொடுக்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு முப்பத்து நான்கு வயதில் கர்ப்பப்பை எடுத்திருந்தார்கள். முழம் போட்டுக்கொண்டே சொன்னார்: "எனக்கும் இதே வலிதான் டீச்சர். பை போச்சு, வலி போவல. இப்பப் போய்ச் சொன்னா, எதுவுமே இல்லாத இடத்துல இன்னா வலின்னு கேக்கறாங்க." நான் தேதியைத் தள்ளிப்போட்டேன்.

கர்ப்பப்பை அகற்றும் அறுவை பல பெண்களின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. புற்றுநோய்க்கும், நிற்காத இரத்தப்போக்குக்கும் அது தேவை. என் சண்டை அறுவையோடு அல்ல, கேட்பதற்கு முன்பே அறுப்பதோடு. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 3.3 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி 2019-இல் அரசு அமைத்த குழு 82,309 பேரைக் கணக்கெடுத்தது. அவர்களில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்ட வேண்டும் என்ற நிலையில் பல பெண்கள் அந்த முடிவுக்கு வந்திருந்தார்கள். தேவையில்லாத கர்ப்பப்பை அறுவைகளைக் கண்காணிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட வேண்டியிருந்தது.

நம் மாநிலத்தில் வேறொரு முறை. தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் பேசி, 2019-இல் ஒரு புலனாய்வை வெளியிட்டார்கள். மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்கு வேலையிடத்திலேயே பெயர் இல்லாத மாத்திரைகள் தரப்பட்டன. என்ன மாத்திரை, என்ன பின்விளைவு என்று யாரும் சொல்லவில்லை. ஒருத்தி பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்திருக்கக் கேட்டால், அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்காமல் இருப்பதற்குக் கொடுக்கப்படுவது அந்த மாத்திரை.

இங்கே எனக்கு ஒன்று புரிந்தது. ஒருவரின் வலியை நம்புவது மனதுக்குள் முடிந்துவிடும் காரியம் அல்ல. நம்பினால் ஏதாவது செய்தாக வேண்டும். ஒரு நாள் லீவு தர வேண்டும். இன்று இரவு வேண்டாம் என்பதைக் கோபமில்லாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். அடுப்படிக்குள் இன்னொருவர் போக வேண்டும். வேலூருக்கோ சென்னைக்கோ போய்வரப் பணம் எடுத்து வைக்க வேண்டும். நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு கடன் வருகிறது. அந்தக் கடனைக் கட்ட மனமில்லாத இடத்தில் வலியே இல்லை என்று சொல்லிவிடுவது மலிவு.

மெட்டியின் நரம்பு யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. கல்யாணம் ஆனவள் கல்யாண அடையாளத்தைக் கழற்றக் கூடாது என்று மட்டும்தான் அது சொல்கிறது. அதனால் அதை நம்ப ஸ்கேன் தேவைப்படவில்லை. கணவன் இறந்ததும் மெட்டியைக் கழற்றச் சொல்கிறோமே, அன்றிலிருந்து அவளுக்குக் கர்ப்பப்பை இல்லையா என்று யாரும் கேட்பதும் இல்லை.

உடற்கூறு என்ன சொல்கிறது? இரண்டாவது கால்விரலிலிருந்து கர்ப்பப்பைக்கு நேராக ஒரு நரம்பு கிடையாது. ஆனால் கொலுசு தொடும் இடத்துக்குப் பக்கத்தில், உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால், டிபியல் என்ற நரம்பு ஓடுகிறது. அது கெண்டைக்கால் வழியாக மேலேறி, தொடையின் பின்புறப் பெருநரம்போடு சேர்ந்து, முதுகுத்தண்டின் அடிப்பகுதிக்குப் போகிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை வாய், மலக்குடல், இடுப்புத் தளத் தசைகள் ஆகியவற்றின் நரம்புகளும் அதே பகுதிக்குத்தான் வந்து சேர்கின்றன. காலும் கர்ப்பப்பையும் நேரடிச் சொந்தம் இல்லை. ஒரே பஸ் ஸ்டாண்டுக்கு வரும் இரண்டு ஊர் பஸ்கள்.

அந்த பஸ் ஸ்டாண்டில்தான் இந்த வைத்தியம் வேலை செய்யப் பார்க்கிறது. மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். வலியின் செய்தி மூளைக்குப் போகும் வழியில், தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரியான அமைப்பு இருக்கிறது. தொடுதல் போன்ற வேறு உணர்வுகள் அங்கே வந்து சேர்ந்தால் அந்தக் கதவு ஓரளவு சாத்தப்படும் என்றார்கள். முட்டியை இடித்துக்கொண்ட குழந்தைக்கு நாம் தேய்த்துவிடுகிறோமே, அதற்கான விளக்கம் அது. தேய்ப்பதற்குப் பதிலாக மெல்லிய மின்துடிப்பைக் கொடுக்கும் டென்ஸ் கருவிகள் அந்த வழியில் வந்தவை. 1983-இல் மெக்குவைர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் சீன அக்குபஞ்சர் புள்ளிகளைப் பின்பற்றி, கணுக்கால் பக்கம் மின்தூண்டல் கொடுத்து சிறுநீர்ப்பைக் கோளாறுகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். இடுப்பின் பின்எலும்புக்குப் பக்கத்தில் கருவியைப் பதித்துத் தூண்டும் முறைக்கு, 1997-இல் அமெரிக்காவில் சிறுநீர்ப்பைக் கோளாறுக்கான அனுமதி கிடைத்தது. பிறகு இந்த முறைகளை அடிவயிற்று வலிக்கும் முயன்று பார்க்கத் தொடங்கினார்கள்.

வேலூர் பக்கம் ஒரு பெண் மருத்துவர்தான் என்னை இதற்கு அனுப்பியவர். முக்கால் மணி நேரம் பேசினார். ஒரு தாளில் மனித உருவம் வரைந்து, வலிக்கும் இடங்களில் கோடு போடச் சொன்னார். பரிசோதித்துவிட்டு, "இந்த வலி நிஜம்மா. ஆனா கர்ப்பப்பையில இல்ல. அதைச் சுத்தி இருக்கற தசையும் நரம்பும்தான் இப்படிப் பண்ணுது" என்றார். திருவிழா முடிந்து பந்தல் பிரித்த பிறகும் அணைக்காமல் விட்ட ஒலிபெருக்கிபோல, பழைய காரணம் போன பிறகும் நரம்புகள் கத்திக்கொண்டே இருக்கலாம் என்று விளக்கினார். தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, ஒரு மாத்திரை, வாரம் ஒருமுறை கரண்ட் என்று பன்னிரண்டு வாரங்களுக்கு எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன். ஒரு மாத்திரையும் இன்னும் போடவில்லை. ஆனால் 'நிஜம்' என்ற சொல் கிடைத்திருந்தது.

வலி உள்ளவருக்கு அதைவிட நிச்சயமான ஒன்று இல்லை. அதைக் கேட்பவருக்கோ அதைவிட ஐயத்துக்கு இடம் தரும் ஒன்று இல்லை என்ற பொருளில் எலைன் ஸ்கேரி 1985-இல் எழுதினார். இந்த இடைவெளி எல்லா மனிதர்களுக்கும் பொது. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. சொல்பவர் யார் என்பதைப் பார்த்து, அவர் சொல்லுக்குக் கேட்பவர் குறைத்து மதிப்பிடுவதை மிராண்டா ஃப்ரிக்கர் 2007-இல் ஒரு தனி அநீதியாக அடையாளம் காட்டினார். சாட்சிய அநீதி என்று அதைச் சொல்லலாம். எங்கள் பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் 'நரம்புத் தளர்ச்சி' விளம்பரங்களைப் பாருங்கள். அவை ஆண்களுக்கானவை, அங்கே நரம்பு என்றால் சிகிச்சை வேண்டிய உறுப்பு. ஒரு பெண்ணைப் பற்றி 'அவளுக்கு நரம்புக் கோளாறு' என்று சொன்னால் பொருளே வேறு. அவள் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அர்த்தம்.

திருவண்ணாமலையில் வலியைப் பற்றிப் பேசினால் பேச்சு ரமணரிடம் போகாமல் இருக்காது. "நீ இந்த உடம்பு இல்லைன்னு நினைச்சுக்கோ" என்று உறவினர் ஒருவர் எனக்கு அறிவுரை சொன்னார். செங்கம் சாலையில் நடக்கும்போதெல்லாம் அதை யோசித்திருக்கிறேன். ரமணருக்கு இடது கையில் கட்டி வந்தது. 1949-இல் மட்டும் நான்கு முறை அறுவை செய்தார்கள். சென்னையிலிருந்து மருத்துவர்கள் வந்தார்கள். ரேடியம் வைத்துப் பார்த்தார்கள். அடியவர்கள் அழுதார்கள். 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார். அவர் வலியைக் கடந்து நின்றாரா என்று அளக்க நான் யார்? ஆனால் ஒன்று தெரியும். உங்களுக்கு வலியே இல்லை என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. வலி இருக்கிறது என்பதற்கு ஊரே சாட்சி நின்றது. அதன்பிறகுதான் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை என்பது பெருமையாகப் பேசப்பட்டது. ஒப்புக்கொள்ளப்பட்ட வலியைத்தான் ஒருவர் கடக்க முடியும். ஒப்புக்கொள்ளப்படாத வலியை மறைக்க மட்டுமே முடியும்.

பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு கிரிவலம் வரும் பெண் நொண்டினால் வழி விடுகிறார்கள், மோர் கொடுக்கிறார்கள். சாமிக்காக ஏற்றுக்கொண்ட வலிக்கு இந்த ஊரில் மரியாதை உண்டு. அவளே மறுநாள் சமையலறையில் நொண்டினால் 'இன்னா சோம்பேறித்தனம்' என்கிறார்கள்.

இனி கருவிக்கு வருகிறேன். பன்னிரண்டு வாரம் முடிந்தபோது பத்துக்கு ஏழாக இருந்த வலி நான்காகக் குறைந்திருந்தது. போய்விடவில்லை. கரண்ட் எவ்வளவு, பயிற்சி எவ்வளவு, மாத்திரை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சிறுநீர்ப்பைக் கோளாறுக்கு இந்த முறையின் ஆதாரம் வலுவாக இருக்கிறது. அடிவயிற்று வலிக்கு நடந்த ஆய்வுகள் சிறியவை. சிலருக்குப் பலன் தந்திருக்கிறது, எல்லோருக்கும் அல்ல. கர்ப்பிணிகளும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. உடலுக்குள் பதிக்கும் கருவி என்றால் செலவு லட்சக்கணக்கில் போகும். பூக்கார அக்காவுக்கு அது பக்கத்தில்கூட வராது.

நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஒயரும் பெட்டியுமாக நான் உட்கார்ந்திருப்பதைக் கணவர் முதல்முறை பார்த்த அன்று, "நீ படு, நான் பாத்துக்கறேன்" என்று அடுப்படிக்குப் போனார். சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் கோபம் வந்தது. ஒன்பது ஆண்டுகள் நான் சொல்லி நடக்காதது, பேட்டரி போட்ட ஒரு பெட்டி சொன்னதும் நடந்துவிட்டது. எனக்கு வைத்தியம் செய்ய வந்த கருவி, எனக்குச் சாட்சியாகவும் ஆகிவிட்டது. கருவி கிடைக்காத பெண்ணுக்கு அப்போது யார் சாட்சி?

இந்தச் சாட்சி நம்பகமானதும் அல்ல. கரண்ட் ஓடாத போலிக் கருவியை வைத்து ஒப்பிடும் ஆய்வுகளில், போலி வைத்தவர்களில் சிலரும் வலி குறைந்ததாகச் சொல்வதுண்டு. இதைக் கேட்டதும் ஸ்டாஃப் ரூமில் ஒருவர், "அப்ப எல்லாம் மனசுதான்" என்றார். போலிக் கருவியில் வலி குறைந்தால் கருவி போலி என்றுதான் ஆகும். வலி போலி என்று ஆகாது. கவனித்துக் கேட்கப்பட்டதால் ஒரு வலி குறைகிறது என்றால், அத்தனை நாள் கேட்காமல் விட்டது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு அது அத்தாட்சி. வலியைப் பற்றிய சர்வதேச ஆய்வுச் சங்கம் 2020-இல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொல்வதை மதிக்க வேண்டும் என்பதையும் அதோடு எழுதி வைத்தது. எந்தக் கருவியையும் அதற்கு நிபந்தனையாக்கவில்லை.

எல்லாரும் சொல்வதை எல்லாம் நம்பிவிட முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எனக்கு வலி என்பதை நம்புவதும், வலிக்கு நான் சொல்லும் காரணத்தை நம்புவதும் வேறு வேறு. என் வலி கர்ப்பப்பையில் இருக்கிறது என்றுதான் நானே நம்பியிருந்தேன். அந்த மருத்துவர் அதை நம்பவில்லை. நம்பாமல் பரிசோதித்ததுதான் என்னைக் காப்பாற்றியது. ஆனால் வலிக்கிறது என்பதை முதல் வார்த்தையிலேயே நம்பினார். நம்பியதால்தான் மேலே தேடினார். 'ஒண்ணுமில்லை' என்றவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். பொய் சொல்பவர்கள் இருக்கலாம். ஒரு பொய்யை நம்பினால் ஒரு நாள் லீவு வீண். ஓர் உண்மையை நம்பாவிட்டால் ஒன்பது ஆண்டுகள் வீண்.

இதையெல்லாம் எழுத எனக்கு முழுத் தகுதி இருப்பதாக நினைக்கவில்லை. எனக்கு வலி தொடங்கிய நான்காம் ஆண்டு, காலாண்டுத் தேர்வின்போது நான் ஹாலில் மேற்பார்வை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் கவிழ்ந்தாள். "மிஸ், வயிறு ரொம்ப வலிக்குது." நான் சொன்னேன்: "எல்லாருக்கும் வர்றதுதான். எழுந்திரிச்சு எழுது." அவள் எழுந்து எழுதினாள். அந்த நேரத்தில் என் கைப்பையில் வலி மாத்திரை இருந்தது. எனக்கும் வலித்துக்கொண்டிருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நான் தாங்குகிறேன், நீயும் தாங்கு என்ற கணக்கு ஒன்று. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. அவளை நம்பினால், என்னை யாரும் நம்பவில்லை என்பதை நான் எனக்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். பெண்கள் பெண்களை நம்பாமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அத்தையின் சிரிப்பிலும் அது இருந்திருக்கலாம். அவரிடம் நான் ஒருநாளும் 'உங்களுக்கு வலிச்சிருக்கா அத்தை?' என்று கேட்டதில்லை. அந்த மாணவி பள்ளி முடித்துப் போய்விட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பும் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது என்னிடம் யாராவது வந்தால் மூன்று கேள்வி கேட்கிறேன். எங்கே வலிக்குது? எத்தனை நாளா? இப்ப இன்னா செஞ்சா உனக்கு நல்லாருக்கும்? மூன்றாவது கேள்விக்குத்தான் விலை அதிகம். ஸ்டாஃப் ரூம் பெஞ்சைக் காலி செய்து படுக்க வைக்க வேண்டும். வீட்டுக்கு போன் செய்து அம்மாவிடம் பேச வேண்டும். மாதாமாதம் இப்படி என்றால் டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும். 'பாவம் பாக்காதீங்க மிஸ், நடிக்கும்' என்று சொல்பவர்களுக்கும் தலைமை ஆசிரியருக்கும் பதில் சொல்ல வேண்டும். சில நாள் அதில் என் ஓய்வு பீரியட் முழுதும் போய்விடும். போகட்டும். அவளை நம்புகிறேன் என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்பினால், நம்பியதாகாது.